தொண்ணூற்றைந்தில் கொதித்த நீர்



கொழும்பிலிருந்து மலைநாட்டுப் புகைவண்டியில் நானுஓயாவுக்கு வந்திறங்கியவர்கள் அந்த நிலையத்தின் பெயர்ப்பலகையை நின்று வாசித்திருப்பார்களோ என்பதை அறியேன். பெரும்பாலோர் நுவரெலியாவைப் பார்க்கும் ஆவலில் மூட்டைமுடிச்சுகளுடன் விரைந்து வெளியேறிவிடுவர். 1885ஆம் ஆண்டிலே இருப்புப்பாதை வந்துசேர்ந்த ஊர் அது. அங்குள்ள பலகையில் ஊரின் பெயரோடு, கடல்மட்டத்திலிருந்து அவ்வூர் நிற்கும் உயரமும் எழுதப்பட்டிருக்கும். 1,600 மீற்றருக்கும் சற்று மேல்.

அந்த நிலையத்துக்கு வரும் வண்டியின் ஊதலொலி கேட்கும் தொலைவில், ஒரு பாடசாலையில் நான் நெடுங்காலம் விஞ்ஞானம் கற்பித்தேன். அந்தப் பலகையை எத்தனையோ முறை கடந்து சென்றிருக்கிறேன். அதிலுள்ள எண்ணுக்கும் நான் கற்பித்த பாடத்துக்கும் உறவு உண்டு என்பதை உணர எனக்குப் பல்லாண்டுகள் பிடித்தன. அதற்குள் ஒரு பிள்ளைக்கு நான் பிழை செய்துவிட்டேன். இன்று அதனைச் சொல்லாமல் இப்பேச்சை நடத்த இயலாது.

1990களின் நடுப்பகுதியில் ஒருநாள் ஏழாந்தர வகுப்பில் நீரின் கொதிநிலையைக் காட்டுவதற்காக ஒரு முகவையில் நீரைக் கொதிக்கவைத்தேன். வகுப்புக்கு ஒரே வெப்பமானிதான். அதனை நானே பிடித்துக்கொண்டு, ஒரு மாணவியை அழைத்து வாசிக்கச் சொன்னேன். நீர் குமுறிக் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் குனிந்து பார்த்து, "தொண்ணூற்றைந்து, சேர்" என்றாள். நான் பார்த்தபோதும் அப்படியே இருந்தது. "வெப்பமானி பழையது. எல்லோரும் நூறு என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். எழுதிக்கொண்டார்கள். தவணைப் பரீட்சையில் நீரின் கொதிநிலை யாது என்று கேட்டிருந்தேன். முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் 100 என்று எழுதினார்கள். அவள் ஒருத்தி 95 என்று எழுதினாள். நான் சிவப்பு மையால் ஒரு குறுக்குக்கோடு போட்டேன்.

அவள் அழவுமில்லை, வாதாடவுமில்லை. விடைத்தாளைப் பார்த்தாள், மடித்து வைத்துக்கொண்டாள். அதன்பின் அந்த ஆண்டு முழுதும் என் வகுப்பில் அவள் கையை உயர்த்தியதை நான் கண்டிலேன்.

நேயர்களே, அவள் எழுதியதுதான் சரி. நானுஓயாவில் திறந்த பாத்திரத்திலே வைத்த நீர் 100 பாகை செல்சியஸில் கொதிப்பதில்லை. ஏறக்குறைய 95 பாகையிலேயே கொதித்துவிடும். பாடநூலும் பிழையன்று. கடல்மட்டத்து வளிமண்டல அமுக்கத்தில் என்று அங்கே குறித்திருந்தார்கள். அந்தச் சிறு குறிப்பை நான் பொருட்படுத்தாமல் விட்டேன். கடற்கரையில் எழுதிய எண்ணை மலைமேலே நின்றுகொண்டு பிள்ளைகளின் வாயில் திணித்தேன். ஒரு பிள்ளை தன் கண்ணால் கண்டதை எழுதியதற்காக மதிப்பெண்ணை இழந்தாள். ஏனையோர் கண்டதை மறைத்து எழுதியதற்காக மதிப்பெண் பெற்றார்கள். அன்று அந்த வகுப்பில் நான் கற்பித்தது விஞ்ஞானத்துக்கு நேர் எதிரானது.

பல ஆண்டுகளின் பின், 2009ஆம் ஆண்டில், அதே பாடத்தை மறுபடியும் ஏழாந்தரத்தில் எடுத்தேன். அதற்கு முன், 2007இலிருந்து இலங்கையின் இடைநிலை வகுப்புகளிலே புதிய கலைத்திட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. பிள்ளைகள் ஈடுபட்டு, தாமே தேடி, விளக்கி, விரித்து, மதிப்பிட வேண்டும் என்னும் முறை அது. ஆங்கிலத்தில் இவ்வைந்து சொற்களும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் 'ஐந்து ஈ' முறை என்று அதற்குப் பெயர். "வகுப்பறையில் ஏற்கனவே இருக்கும் ஈக்கள் போதாதா?" என்று ஆசிரியர் அறையில் நாங்கள் நகையாடியது உண்டு. எனினும் எனக்கு அது ஒரு வாய்ப்பாயிற்று. இம்முறை வெப்பமானியை நான் பிடிக்கவில்லை. பிள்ளைகளின் கையிலேயே கொடுத்தேன். நூறு என்ற எண்ணை நான் வாயால் சொல்லவுமில்லை.

சொல்லாவிட்டாலும் அவர்கள் அறிந்தே இருந்தார்கள். ஒரு மாணவன் அண்ணனின் பழைய புத்தகத்தில் படித்திருந்தான். வெப்பமானி 95இல் நின்றதும், "நூறுக்கு வரவேண்டுமே, சேர்!" என்று கேட்டான். "வரவேண்டுமென்றால் ஏன் வரவில்லை? நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு நான் சும்மா இருந்தேன். ஓர் ஆசிரியன் சும்மா இருப்பது எளிதன்று. விடை நாவின் நுனியில் நிற்கும்.

பிள்ளைகளின் ஐயங்கள் ஒவ்வொன்றாக வந்தன. வெப்பமானி கெட்டுப்போயிற்று என்றார் சிலர். அடுப்பில் சூடு போதாது, விறகு ஈரம் என்றார் வேறு சிலர். பீலித் தண்ணீரில் ஏதோ கலந்திருக்கிறது என்றாள் ஒருத்தி. அலுமினியச் சட்டியில் வைத்தால் சரியாகும் என்றான் இன்னொருவன். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதினோம். எதை எப்படிச் சோதிப்பது என்று அவர்களே குழுக்களாகப் பிரிந்து தீர்மானித்தார்கள். அடுப்பருகே நிற்கும் பொறுப்பு மட்டும் என்னுடையது. அதை நான் விட்டுக்கொடுக்கவில்லை. கொதிநீரும் நெருப்பும் உள்ள இடத்தில் மாணவர் சுதந்திரம் என்று பேசிக்கொண்டு கையைக் கட்டி நிற்பவன் ஆசிரியன் ஆகான். இரசம் உள்ள வெப்பமானி உடைந்தால் அது நஞ்சு. ஆதலால் சிவப்பு நிற மதுசாரம் நிரப்பிய வெப்பமானிகளில் கொதிநீருக்கும் தாங்கக்கூடிய வகையைத் தேடி வாங்கியிருந்தேன்.

வெப்பமானி மீது ஐயங்கொண்ட குழு, கடையிலிருந்து பனிக்கட்டி வாங்கிவந்து நொறுக்கி, உருகும் பனிக்கட்டியில் அதனை வைத்துப் பார்த்தது. சுழியில் நின்றது. அப்படியும் திருப்தியில்லை. அடியிற் சரியாயிருப்பது உச்சியிற் பிழையாயிருக்கலாமல்லவா என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். அந்தக் கேள்வியைப் பல்கலைக்கழகத்திலே கேட்டிருந்தாலும் பெருமைதான். இன்னொரு வெப்பமானியை இரவல் வாங்கிச் சோதித்தார்கள். அதுவும் 95ஐயே காட்டியது.

விறகுக் குழுவுக்குக் கிடைத்த முடிவே எனக்கு மிகவும் பிடித்தது. காய்ந்த விறகை அள்ளி வைத்தார்கள். சுவாலை எழுந்தது, நீர் பொங்கித் துள்ளியது, ஆவி வகுப்பறையை நிறைத்தது. வெப்பமானி மட்டும் அசையவில்லை. கொதிக்கத் தொடங்கிய நீருக்கு எவ்வளவு நெருப்பை ஊட்டினாலும் அது விரைவாக ஆவியாகுமேயன்றி அதன் சூடு ஏறாது. இதை நான் ஓராண்டுக்காலம் வாயால் விளக்கியிருந்தாலும் இவ்வாறு பதிந்திராது. உடனே ஒரு சிறுமி, "அப்படியென்றால் பருப்பு கொதித்த பிறகு அம்மா ஏன் மேலும் மேலும் விறகைத் தள்ளுகிறார்?" என்று கேட்டாள். மலையில் கொழுந்து பறித்துவிட்டு, மாலையிற் சுள்ளி பொறுக்கிச் சுமந்துவரும் தாயின் மகள் அவள். அவளுக்கு அது பாடநூற் கேள்வியன்று. மறுநாள் வந்து, கொதித்தபின் விறகை இழுத்துவிட்டு மூடிபோட்டுச் சமைத்ததாகவும், பருப்பு வழக்கமான நேரத்திலேயே வெந்ததாகவும் அறிக்கை தந்தாள்.

பீலித் தண்ணீருக்குப் பதில் மழைநீரை வைத்தும், சட்டியை மாற்றியும் பார்த்தாயிற்று. எல்லாம் 95தான். அப்போதுதான் நான் காத்திருந்த கேள்வி வந்தது. "எல்லா ஊரிலும் 95தானா, சேர்?"

இதற்கு நானுஓயாவில் விடை இல்லை. வேறோர் ஊருக்குப் போகவேண்டும். ஆனால் வெப்பமானியும் அதே வெப்பமானியாக இருக்கவேண்டும் என்பதில் பிள்ளைகள் உறுதியாய் இருந்தார்கள். ஒரு மாணவனின் அண்ணன் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலைசெய்துவந்தான். எட்டாந்தரத்தோடு படிப்பை நிறுத்தியவன். தீபாவளிக்கு ஊருக்கு வந்து திரும்பும்போது வெப்பமானியை அவனிடம் கொடுத்தனுப்புவதெனத் தீர்மானமாயிற்று. பாடசாலைப் பொருளைப் பதிவேட்டிலிருந்து வெளியே கொடுத்துவிட்டு, அது உடைந்தால் அதற்கு விளக்கக் கடிதம் எழுதும் துணிவு எனக்கில்லை. ஆதலால் என் பணத்தில் வாங்கிய ஒன்றையே அனுப்பினோம். அது பெரிய தியாகமன்று. விளக்கக் கடிதத்தைவிட வெப்பமானி மலிவு.

அந்த அண்ணனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் ஒரு கடிதம் எழுதினார்கள். குமிழ் நீருக்குள் இருக்கவேண்டும், ஆனால் சட்டியின் அடியைத் தொடக்கூடாது. நன்றாகக் கொதித்தபின் மூன்று நிமிடம் பொறுக்கவேண்டும். கண்ணை அளவுகோட்டின் நேரே வைத்துப் பார்க்கவேண்டும். மூன்று தடவை பார்த்து மூன்றையும் எழுதவேண்டும், நடுவில் எதையும் திருத்தக்கூடாது. "நூறு வரும் என்று நினைத்துக்கொண்டு பார்க்காதீர்கள்" என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்கு அந்தச் சிவப்புக் குறுக்குக்கோடு நினைவுக்கு வந்தது.

பதில் இரண்டு வாரத்தில் வந்தது. கடையின் பின்கட்டில் தேநீர் வைக்கும் அடுப்பில் பார்த்தானாம். முதலாளி முதலில் இது என்ன பைத்தியம் என்று கேட்டவர், பின்னர் தாமே வந்து குனிந்து பார்த்தாராம். 100, 99, 100. கீழே நான்காவதாக ஓர் எண். பகலில் மட்டும் பார்த்தது போதாது என்று தனக்குத் தோன்றியதால் இரவிலும் ஒருமுறை பார்த்ததாக எழுதியிருந்தான். அதுவும் 100. இந்த நான்காவது அளவீட்டை யாரும் அவனிடம் கேட்கவில்லை. எட்டாந்தரத்தோடு இவனை வெளியே அனுப்பிவிட்டோமே என்று நான் வருந்தியதைப் பிள்ளைகள் அறியார்.

இதன்மேல் ஏன் என்ற கேள்வி எஞ்சியிருந்தது. இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். காற்றுக்கு எடை உண்டு, அதன் அமுக்கமே நீராவியை அடக்கி வைத்திருக்கிறது என்பதை ஏழாந்தரப் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எதிர்பார்ப்பது பேதைமை. மனித குலத்துக்கே அது தெரியவர 17ஆம் நூற்றாண்டு வரை சென்றது. வழிகாட்டல் இன்றிப் பிள்ளைகளைத் தேடவிடுவது பயன் தராது என்று கிர்ஷ்னர், சுவெல்லர், கிளார்க் என்னும் மூவர் 2006ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை, கல்வியுலகில் பெரும் வாதத்தை எழுப்பியது. அவர்கள் சொன்னதில் பாதி உண்மை என்பது என் துணிபு. கேள்வி பிள்ளையுடையதாக இருக்கவேண்டும். சோதனையை வகுப்பதும் பிள்ளையாக இருக்கவேண்டும். அவர்கள் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும்போது கதவு எங்கே என்று காட்டுவது ஆசிரியன் கடமை.

நான் காட்டிய கதவு, மருந்துக்கடையில் வாங்கிய ஊசியில்லாத ஒரு சிரிஞ்சு. வெந்நீரைக் கொஞ்சம் அதற்குள் உறிஞ்சி, உள்ளேயிருந்த காற்றை வெளியேற்றி, முனையை விரலால் அடைத்துக்கொண்டு தண்டைப் பின்னுக்கு இழுத்தால், உள்ளேயுள்ள நீர் குமிழிவிட்டுக் கொதிக்கும். அடுப்பில்லை, நெருப்பில்லை. கொதிநிலைக்கு மிகவும் தாழ்ந்த சூட்டிலேயே கொதிக்கிறது. தண்டை விட்டால் அடங்கிவிடும். ஒவ்வொருவரும் செய்து பார்த்தார்கள். அமுக்கம் குறைந்தால் நீர் எளிதிற் கொதிக்கும் என்பதை அதன்பின் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. கடற்கரையிலே 1,013 அளவாக உள்ள வளி அமுக்கம், நானுஓயாவின் உயரத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்து 835 அளவில் நிற்கிறது என்பதை மட்டும் எழுதிக்காட்டினேன்.

300 மீற்றர் ஏறினால் கொதிநிலை ஏறக்குறைய ஒரு பாகை இறங்கும். ஐந்து பாகைக்கு 1,500 மீற்றர், அதற்குமேற் சிறிது. "நிலையத்துப் பலகையில் எழுதியிருப்பது இதுதான்!" என்று பின்வரிசையில் ஒருவன் எழுந்து நின்று கத்தினான். சட்டியில் நீரைக் கொதிக்கவைத்து மலையின் உயரத்தை அளக்கலாம் என்பதை அன்று அவர்கள் கண்டார்கள். முற்காலத்து நில அளவையாளரும் பயணிகளும் இவ்வாறுதான் பல மலைகளை அளந்தார்கள்.

சார்ள்ஸ் டார்வின் 1835 மார்ச்சில் தென்னமெரிக்காவின் அந்தீசு மலையைக் கடந்தபோது ஓரிரவு தங்கிய இடத்தில், உருளைக்கிழங்கு இரவு முழுதும் கொதித்தும் வேகவில்லை. புதிய பானைக்குக் கிழங்கை வேகவைக்க விருப்பமில்லை என்று அவருடன் சென்றவர்கள் முடிவுகட்டினார்களாம். இதனை நான் சொன்னதும் வகுப்பு நகைத்தது. அலுமினியச் சட்டிதான் காரணம் என்று சொன்ன மாணவன் மட்டும் நகைக்கவில்லை. தனக்கும் அந்தப் பயணிகளுக்கும் ஓர் உறவு இருப்பதை அவன் உணர்ந்திருக்கவேண்டும்.

நேயர்களே, இவ்வாறு பிள்ளைகளே ஆராய்ந்து கற்பது எங்கள் கண்டுபிடிப்பு அன்று. இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில், இப்போது நர்மதாபுரம் எனப் பெயர் மாறியுள்ள ஹோஷங்காபாத் மாவட்டத்திலே, 1972ஆம் ஆண்டில் 16 நடுநிலைப் பள்ளிகளில் இது தொடங்கிற்று. கிஷோர் பாரதி, ரசூலியாவின் நண்பர்கள் கிராம நிலையம் ஆகிய இரண்டு அமைப்புகள் முன்னின்றன. பல்கலைக்கழக விஞ்ஞானிகள் வந்து கிராம ஆசிரியர்களோடு ஒன்றாக அமர்ந்தார்கள். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வயலிலும் வகுப்பிலும் தாமே சோதனை செய்து, தாமே எழுதினார்கள். பரீட்சையிற் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொள்ளலாம். மனப்பாடத்துக்கு அங்கே விலையில்லை. செய்முறைப் பரீட்சையும் உண்டு. 1978இல் மாவட்டம் முழுவதற்கும் பரவிய அத்திட்டத்தை, 1982இல் தோன்றிய ஏகலவ்யா நிறுவனம் ஏற்று நடத்தியது. 2002இல் மாநில அரசு அதனை நிறுத்திவிட்டது. முப்பதாண்டு உழைப்பு ஓர் ஆணையால் நின்றுபோனதை நினைக்கும்போது, இத்தகைய முறையைத் தாங்கி நிற்பது ஆசிரியரின் ஆர்வம் மட்டுமன்று என்பது புலனாகிறது.

எங்கள் மலைநாட்டின் கதை வேறு. 1920இன் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின் மேல் வைத்தது. அதன் பயனாய் எழுந்தவை பெரும்பாலும் ஓராசிரியர் பள்ளிகள். கீழ் வகுப்புகளோடு அவை முடிந்துவிடும். 1972இல் நாட்டின் ஆறாந்தரம் முதல் ஒன்பதாந்தரம் வரை ஒன்றிணைந்த விஞ்ஞானம் அறிமுகமானபோது, அவ்வகுப்புகளே இல்லாத தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கு அதனால் என்ன வந்தது? 1977இலிருந்து அரசு அப்பள்ளிகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்ற பின்னரே, கொழுந்து பறிப்பவர் பிள்ளை இடைநிலை விஞ்ஞானத்தைத் தன் ஊரிலேயே கற்கும் வழி திறந்தது. உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள தமிழ்ப் பாடசாலைகள் இன்றும் மிகச் சிலவே. ஏழாந்தரத்திற் கையை உயர்த்துவதை நிறுத்தும் ஒரு பிள்ளை, அந்தச் சிலவற்றின் வாசலை எட்டுவதேயில்லை. அதனாற்றான் அந்தச் சிவப்புக் கோட்டைச் சிறு பிழையென்று என்னாற் கருத முடியவில்லை.

ஆய்வுகூடம் இல்லையே என்று ஆசிரிய நண்பர்கள் கேட்பதுண்டு. எமது சுற்றுப்புறத்தில் ஆய்வுகூடத்துக்குக் குறைவில்லை. வெறுந்தேநீரில் எலுமிச்சைச் சாறு விட்டால் நிறம் வெளுக்கும். சுண்ணாம்புநீர் விட்டால் கறுக்கும். அமிலமும் காரமும் அறிய வேறு காட்டி எதற்கு? தென்மேற்குப் பருவத்தின் மூடுபனியில் தேயிலைத் தளிரில் எழும் கொப்புளநோய், 1946இல் இந்நாட்டில் முதன்முதற் காணப்பட்ட ஒரு பூஞ்சண நோய். நிழலில் உள்ள தூரில் அது மிகுதியா, வெயிலில் உள்ள தூரிலா என்று எண்ணிப் பார்க்க ஒரு பென்சிலும் தாளும் போதும். தை, மாசியில் புல்லின்மேல் வெண்மையாய்ப் படியும் உறைபனி பள்ளத்தில் மிகுதியா, மேட்டிலா? இதற்கு விடையைப் பெற்றோர் அறிவர், பிள்ளைகள் அளந்து உறுதிசெய்யலாம்.

இனிப் பரீட்சை. 'கொதிநிலை யாது?' என்று கேட்டால் என்ன எழுதுவது என்று அந்த 2009ஆம் ஆண்டுப் பிள்ளைகளும் என்னிடம் கேட்டார்கள். "கடல்மட்டத்தில் 100, நானுஓயாவில் 95 என்று இரண்டையும் எழுதுங்கள்" என்றேன். ஒரு மாணவி விடவில்லை. "இடம் ஒன்றுதான் இருந்தால்?" என்றாள். கேள்வித்தாளில் விடைக்கு ஒரு சிறு கோடுதானே இருக்கும். என் பரீட்சைகளில் அந்தக் கோட்டை நீளமாக்கிவிடுவதாக வாக்களித்தேன், அவ்வாறே செய்தேன். பொதுப் பரீட்சைக்கு 100 என்று எழுதச் சொன்னேன், ஆனால் அது எந்த ஊரின் எண் என்பதை மனத்துள் சொல்லிக்கொண்டு எழுதச் சொன்னேன். இது நிறைவான விடையன்று. எனக்கு வேறு விடை தெரியவில்லை.

அந்த ஆண்டின் இறுதியில் சிவனொளிபாத மலைப் பருவம் தொடங்கியது. மலை உச்சி 2,243 மீற்றர். அங்கே நீர் எத்தனை பாகையிற் கொதிக்கும் என்று வகுப்பு கணக்கிட்டு, 92க்கும் 93க்கும் இடையில் என்று கரும்பலகையில் எழுதிவைத்தது. குடும்பத்தோடு யாத்திரை சென்ற ஒரு மாணவன், துணியிற் சுற்றிய வெப்பமானியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இரவெல்லாம் படியேறினான். உச்சிக்கு அண்மையில் இருந்த ஒரு தேநீர்க் கடையில், கடைக்காரர் அனுமதிக்க, கொதிக்கும் கேத்தலின் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறான். திங்கட்கிழமை காலை, மணி அடிக்குமுன்னரே வகுப்புக்குள் வந்து, கணக்கிட்ட எண்ணுக்குப் பக்கத்தில் தான் கண்ட எண்ணை எழுதினான். 93. அதன்கீழே சிறிய எழுத்தில், கேத்தலின் ஆவி கண்ணை மறைத்ததால் ஒரு பாகை முன்பின்னாக இருக்கலாம் என்றும் எழுதியிருந்தான்.